வானத்து ஈமுவைப் படம் எடுக்கக் கேட்ட தம்பிக்கு

தம்பி, மெல்போர்னுக்குப் படிக்க வந்து நாலு மாதம் ஆகிறது, ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் சொல்லும் வானத்து ஈமுவைப் படம் எடுக்க எங்கே போகலாம், சாதாரண கேமரா போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து 17 வருடம் ஆகிறது. அதில் ஒன்பது குளிர்காலம் (இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) இதற்காகவே வண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் கேமரா தாராளமாகப் போதும். ஆனால் கேமராவுக்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும்.

நாம் நட்சத்திரக் கூட்டங்களைப் பார்ப்பது புள்ளிக்கோலம் மாதிரி. வெளிச்சப் புள்ளிகளைக் கோடிழுத்துச் சேர்த்து மீன் என்போம், தேள் என்போம். இந்த ஈமுவுக்குப் புள்ளியே கிடையாது. பால்வீதியின் வெளிச்சத்துக்கு நடுவே கறுப்பாகக் கிடக்கிறதே, அந்த இருட்டுதான் பறவை. தூசும் வாயுவும் மேகமாகத் திரண்டு, பின்னால் உள்ள நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை போனபோது நான் ஒரு மணி நேரம் நட்சத்திரங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சலித்துப்போய் இருட்டைப் பார்த்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு வானத்தில் பாதி தூரத்துக்கு அது கிடந்தது. அன்றைக்கு உடம்பு சிலிர்த்ததை இன்னும் மறக்கவில்லை.

கண்டுபிடிக்க வழி இது. தெற்கே சிலுவை மாதிரி நாலு நட்சத்திரம் தெரியும். ஊரில் திரிசங்கு என்கிறார்களே, அதே கூட்டம்தான். சென்னையில் அது தெற்கு அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. இங்கே மறைவதே இல்லை, குளிர்காலத்தில் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். சிலுவை நேராக நிற்கும்போது அதன் கீழ்-இடது பக்கத்தில் ஒரு கரிய திட்டு தெரியும். அதற்கு கோல்சாக் என்று பெயர், சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதுதான் தலை. அங்கிருந்து, சிலுவைக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும் ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்ற இரண்டு நட்சத்திரங்களையும் தொட்டுக்கொண்டு கழுத்து இறங்கும். விருச்சிகத்தின் பக்கம் போனால் பருத்த உடம்பு. போன் திரையைப் பார்க்காமல் அரை மணி நேரம் இருட்டில் நில்லுங்கள், தானாகத் தெரியும்.

இடம் என்று கேட்டால் நான் சொல்வது டிரெல் ஏரி. கால்டர் நெடுஞ்சாலையில் பெண்டிகோ தாண்டி வடமேற்கே, மெல்போர்னிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். பக்கத்து ஊர் சீ லேக். விக்டோரியா மாநிலத்திலேயே பெரிய உப்பு ஏரி அது. குளிர்காலத்து மழைக்குப் பிறகு கணுக்கால் கூட நனையாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும், காற்றில்லாத இரவில் வானம் முழுக்கக் காலடியில் விழும். பெயரே அங்கத்திய வெர்கையா மொழியில் வானத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அந்த ஏரியில் எடுத்த நீளக் கழுத்து ஈமுப் படத்தைப் போட்டு, 'இந்த மண்ணின் மக்கள் கண்ட ஈமு' என்று எழுதிவிட்டேன். விஷயம் தெரிந்த ஒருவர் பொறுமையாகத் திருத்தினார். சிலுவை முதல் விருச்சிகம் வரை நீளும் அந்த ஈமு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் வாழும் கமிலராய், யுவாலாயி மக்கள் சொல்வது. ஏப்ரல், மே மாத மாலையில் அது எழுந்து ஓடுவது போலத் தெரியும், அது ஈமுக்கள் துணை தேடும் காலம். ஜூன், ஜூலையில் கால்களை மடக்கி ஆண் பறவை அடைகாப்பதாகச் சொல்கிறார்கள். நிஜ ஈமுவிலும் அப்பன்தான் எட்டு வாரம் முட்டைமேல் உட்காருகிறது. கூட்டில் முட்டை இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

டிரெல் ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் பூரோங் மக்கள். அவர்களுடைய ஈமுவுக்கு ட்சிங்கல் என்று பெயர். சிலுவைக்கும் ஆல்பா, பீட்டா சென்டாரிக்கும் நடுவே உள்ள இருட்டு மட்டுமே அது. ட்சிங்கல் துரத்த, புன்யா என்பவன் பயந்து ஈட்டிகளை மரத்தடியில் போட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டான். அந்தக் கோழைத்தனத்துக்காகப் போசம் என்ற மரமேறும் சிறு விலங்காகிவிட்டான், சிலுவையின் தலை நட்சத்திரம் அவன்தான். ட்சிங்கலைக் குத்திக் கொன்ற அண்ணன் தம்பி இருவர் ஆல்பாவும் பீட்டாவும். சிலுவையின் கிழக்குப் பக்க நட்சத்திரங்கள் அந்த உடம்பைத் துளைத்து வந்த ஈட்டி முனைகள். ஸ்டான்பிரிட்ஜ் என்ற வெள்ளைக்காரர் அந்த மக்களிடமே கேட்டு 1857-இல் எழுதிவைத்ததால் இவ்வளவு நம் கைக்கு வந்தது. ஆகவே தம்பி, படத்தின் கீழே எந்த மக்களுடைய ஈமு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். 'பூர்வகுடி ஈமு' என்று மொத்தமாக எழுதினால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். நம்மையும் இங்கே பலர் ஒரே வார்த்தையில் 'இந்தியன்' என்று முடித்துவிடும்போது எப்படி இருக்கிறது?

இனி கேமரா. அமாவாசையை ஒட்டிப் போங்கள். முக்காலி கட்டாயம். 14 முதல் 24 மில்லிமீட்டர் லென்ஸ், துவாரம் எஃப் 2.8 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் வரை, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி. கோப்பு ரா வடிவில், அதாவது கேமரா சுருக்காத மூல வடிவில். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, ஆல்பா சென்டாரியைத் திரையில் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரே சட்டகத்தை 20 தடவை எடுத்து சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினால் இரைச்சல் எனப்படும் பொடிப் புள்ளிகள் அடங்கி, தூசியின் ஓரங்கள் துலங்கும். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கூகுள் பிக்சல் மாதிரிப் போனை முக்காலியில் வைத்தால் கழுத்து வரை வந்துவிடும்.

படம் கெடுவது பெரும்பாலும் வீட்டில் கணினி முன்னால்தான். நிழலைத் தூக்கி எல்லாவற்றையும் வெளிச்சமாக்குவது நம் பழக்கம். ஈமுவை அப்படித் தூக்கினால் காணாமல் போய்விடும். நேர்மாறாக கான்ட்ராஸ்டை ஏற்றினால் கத்தரித்து ஒட்டிய கறுப்புக் காகிதம் மாதிரி இருக்கும். நான் பால்வீதியின் பிரகாசமான பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றுவேன். இருட்டைத் தொடவே மாட்டேன். கழுத்தின் ஓரம் புகை மாதிரி மெல்லக் கரைவது தெரிந்தால் படம் சரி.

பகலிலேயே போய்ச் சேருங்கள், அந்திக்கு மேல் சாலையில் கங்காரு குதிக்கும். அன்றிரவே திரும்ப நினைக்காமல் சீ லேக்கில் தங்குங்கள். ஏரிக்குள் வண்டியை இறக்கவே கூடாது. நான் தூத்துக்குடிக்காரன், உப்பளத்து வரப்பில் நடந்து வளர்ந்தவன். அந்தத் தைரியத்தில் வெள்ளையாய்க் காய்ந்து தெரிந்த இடத்தில் கால் வைத்தேன், முழங்கால் வரை சேறு இழுத்தது. உறுதியான கரையோரத்தில் நில்லுங்கள். லென்ஸில் பனி படியும், கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றிவிடுங்கள். திரும்பியதும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் உப்பு திருகாணியை அரித்துவிடும்.

தண்ணீரில் பிம்பம் வேண்டுமானால் செப்டம்பர் நல்லது. இரவு பத்து, பதினோரு மணிக்கு ஈமு மேற்கே சாய்ந்து, தென்மேற்கில் தலையைத் தாழ்த்தி ஏரியை நோக்கி இறங்கும். அந்த மாத அமாவாசைக்கு நான் போகிறேன். வண்டியில் ஒரு இடம் இருக்கிறது, வருவதாக இருந்தால் சொல்லுங்கள். தடிமனான சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள்.