பார்க்கிங் சென்சார் சுவருக்குக் கத்துகிறது, கம்பிக்குக் கத்தவில்லை: பழுதா?

கேள்வி: "வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். காரின் பின் பம்பரில் நான்கு சென்சார். காம்பவுண்டுச் சுவரை நெருங்கினால் சரியாகக் கத்துகிறது. பக்கத்துக் காலி மனை வேலியின் இரும்புக் கம்பியை இடிக்கும்வரை சத்தமே இல்லை. மழை நாளில் பின்னால் ஒன்றும் இல்லாதபோதும் விடாமல் கத்துகிறது. சென்சாரை மாற்ற வேண்டுமா?"

கம்பிக்குக் கத்தாதது பழுது இல்லை. அந்தக் கருவியால் முடிகிற எல்லை அவ்வளவுதான். மழையில் கத்துவது பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். துடைத்தும் வெயிலில் காய்ந்தும் போகவில்லை என்றால்தான் பழுதைத் தேட வேண்டும். ஏன் என்று புரிய, பம்பருக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வெளியே தெரியும் அந்த வட்டம் ஒரு சிறிய அலுமினியக் கிண்ணத்தின் அடிப்பாகம். அதன் உள்பக்கத்தில் பீசோ பீங்கான் வில்லை ஒன்று ஒட்டியிருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் வில்லை அதிரும். அதை வேறு ஏதாவது அதிரச் செய்தால் மின்னழுத்தம் தரும். வாயும் காதும் அதுவே. ரிவர்ஸ் கியர் போட்டதும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு சென்சாராக முறை வைத்துத் துடிப்பு அனுப்பும். வெளியில் வாங்கிப் பொருத்தும் கிட்டுகளில் அதிர்வெண் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். கம்பெனியிலிருந்தே வருபவற்றில் 48, 58 என்று கூடுதலாகவும் இருக்கும். நம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் என்பதால் இந்தத் துடிப்பு கேட்காது. கேட்பது உள்ளே இருக்கும் பஸ்ஸரின் சத்தம்.

ஒரு துடிப்பு அரை மில்லி விநாடிக்கும் குறைவு. அனுப்பிவிட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். சுவர் 1 மீட்டரில் இருந்தால் போக 1, வர 1, ஆக 2 மீட்டர், சுமார் 5.7 மில்லி விநாடி. அந்த நேரத்தை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தூரம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் காற்று 40 டிகிரியைத் தொடும்போது ஒலியின் வேகம் 355 ஆகிவிடும். வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் 20 டிகிரிக்கான 343ஐயே வைத்துக் கணக்குப் போடும் கிட், 1 மீட்டரை 97 செ.மீ. என்று காட்டும். சுவர் இருப்பதைவிடக் கிட்டே இருப்பதாகச் சொல்கிற பிழை என்பதால் இதில் ஆபத்து இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எதிரொலி திரும்பவில்லை என்றால் சென்சாருக்கு அது வெட்டவெளி. "பின்னால் ஒன்றும் இல்லை" என்பதும் "ஏதோ இருக்கிறது, ஆனால் ஒலியைத் திருப்பவில்லை" என்பதும் அதற்கு ஒன்றே.

உங்கள் கம்பி அந்த இரண்டாம் வகை. 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 8.6 மி.மீ. பூசிய சுவர் இந்த அலைக்குக் கண்ணாடி மாதிரி. நேராகப் போனால் நேராகத் திரும்பும். உருண்டைக் கம்பியில் பட்ட ஒலி எல்லாத் திசையிலும் சிதறும். நம் பக்கம் வருவது சொற்பம். அதிலும் இரண்டு சென்சாருக்கு நடுவே கம்பி அமைந்துவிட்டால் இரண்டுக்குமே ஓரப் பார்வைதான். 'நோ பார்க்கிங்' பலகை ஊன்றிய குழாய், பந்தல்காரர் விட்டுப்போன சவுக்குக் கழி, கோணத்தில் சாய்ந்த மின்கம்பத் தாங்குகம்பி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். கடலோரக் குப்பங்களில் காயப்போட்ட மீன்வலையின் கண்களுக்குள் ஒலி பாதி நுழைந்து போய்விடும். சாக்கு மூட்டை, கொடியில் தொங்கும் புடவை போன்றவை ஒலியை விழுங்கும். சுவரே ஆனாலும் கார் சாய்வாக வந்தால் எதிரொலி வேறு பக்கம் தெறித்துப் போகும். அதனால்தான் குறுக்குத் தெருவில் வண்டியை வளைத்துப் பின்னெடுக்கும்போது மூலைச் சென்சார் தாமதமாக விழிக்கிறது.

சிறு குழந்தையும் இதே வரிசையில் வருகிறது. சிறிய உடல், மேலே துணி, பம்பரை ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒலிக்கற்றைக்குக் கீழே. வாசலில் பிள்ளைகள் விளையாடும் வீடு என்றால் இறங்கி ஒரு முறை பின்னால் பார்த்துவிட்டு ஏறுங்கள். எந்தச் சென்சாரும் இந்த வேலையைச் செய்யாது.

உயரம் அடுத்த விஷயம். சென்சார் பெரும்பாலும் தரையிலிருந்து 50 முதல் 65 செ.மீ. உயரத்தில் இருக்கும். தரையின் எதிரொலியைப் பிடித்து வீணாகக் கத்தாதிருக்க, ஒலிக்கற்றையைப் பக்கவாட்டில் அகலமாகவும் மேல்கீழாகக் குறுகலாகவும் வடிவமைப்பார்கள். இதனால் மூன்று வகை இடத்தில் ஏமாறுவோம்.

ஒன்று, தாழ்ந்த கல். நடைபாதை ஓரக்கல், திண்ணைப் படி, வாசலில் நட்ட குட்டைக் கருங்கல் ஆகியவை ஒன்றரை மீட்டரில் இருக்கும்போது கற்றையில் பட்டுச் சத்தம் வரும். நெருங்க நெருங்கக் கற்றை அதன் தலைக்கு மேலே போய்விடும், சத்தம் அடங்கிவிடும். முதலில் கத்திப் பிறகு தானே அமைதியானால் தடை விலகிவிட்டது என்று எண்ணாதீர்கள். பிரேக்கை மிதித்து இறங்கிப் பாருங்கள். எதிர்பாராமல் பம்பர் உடைவது பெரும்பாலும் அந்த அமைதியில்தான்.

இரண்டு, உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. லாரியின் பின்தட்டு பம்பருக்கு மேலே இருக்கும். ஒலி அதன் அடியில் புகுந்து உள்ளே இருக்கும் அச்சிலோ சக்கரத்திலோ பட்டுத் திரும்பும். பஸ்ஸர் "இன்னும் இடமிருக்கிறது" என்று சொல்லும்போது பின் கண்ணாடி தட்டில் இடித்திருக்கும். கடலூர் சிப்காட் பக்கம் லாரிகள் நிற்கும் சாலையோரத்திலும், கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டும் பருவத்தில் நெல்லிக்குப்பம் சாலையிலும் இதை மனதில் வையுங்கள். டிரெய்லருக்கு வெளியே ஒரு மீட்டர் நீட்டிய கரும்பு நுனி சென்சாருக்குத் தெரியாது.

மூன்று, பள்ளம். மேல்மூடி இல்லாத வாய்க்கால் ஒலியைத் திருப்பாது. கடலூர் முதுநகரின் பழைய தெருக்களானாலும் புதுச்சேரியின் உட்தெருக்களானாலும், வாய்க்காலில் பின்சக்கரம் இறங்கும்வரை பஸ்ஸர் மௌனமாகவே இருக்கும். இதற்கு ரிவர்ஸ் கேமராவும் பக்கக் கண்ணாடியைத் தாழ்த்தி வைப்பதும்தான் வழி. கேமரா பள்ளத்தையும் கம்பியையும் காட்டும், தூரத்தைச் சரியாகச் சொல்லாது. சென்சார் தூரத்தைச் சொல்லும், எது என்று சொல்லாது. இரண்டும் இருப்பது நல்லது.

வேகத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். பல கார்களில் முதல் 'பீப்' ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் வரும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் பின்னால் வந்தால் அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிக்குச் சற்று மேல் ஆகும். கால் பிரேக்குக்குப் போவதற்குள் முடிந்துவிடும். 3 கி.மீ. வேகத்தில் 1.8 விநாடி கிடைக்கும். ரிவர்ஸில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சில் அல்லது பிரேக்கைத் தளர்த்தி மட்டும் நகர்த்துவது இதற்காகத்தான். விடாத ஒற்றைச் சத்தம் சுமார் 30 செ.மீ.க்கு வரும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். துடிப்பு அனுப்பிய பிறகு கிண்ணம் அடங்க ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி ஆகும். அதற்குள் வரும் எதிரொலியை அதனால் பிரித்துக் கேட்க முடியாது. ஒரு மில்லி விநாடி என்பது 17 செ.மீ. ஆக, அந்தக் கடைசிச் சாண் தூரத்தில் அது குருடு.

இந்த அடங்காத அதிர்வில்தான் உங்கள் மழைப் பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. கிண்ணத்தின் முகத்தில் நீர்த்துளியோ சேறோ படிந்தால் அதிர்வு அடங்கும் விதம் மாறிவிடும். கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் "கையெட்டும் தூரத்தில் தடை" என்று படிக்கிறது. ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் அடிக்கடி போகும் வண்டியில் உப்பும் மணலும் சேர்ந்து பொருக்காகப் படியும். நகத்தாலோ பிளேடாலோ சுரண்டாமல் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது பிரஷர் கன்னைச் சென்சாருக்கு நேராகக் கிட்டே பிடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஓரத்துச் சிலிக்கான் வளையத்தைத் தாண்டி நீர் உள்ளே போய்விடும்.

துடைத்தும் கத்தினால் சோதனை இது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பி ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் பின்னால் போய் ஒவ்வொரு சென்சாரின் முகத்திலும் விரல் நுனியை மெல்ல வைக்க வேண்டும். வேலை செய்யும் சென்சாரில் 'டிக் டிக்' என்று நுண்ணிய துடிப்பு விரலில் தெரியும். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி கேட்காது என்றாலும், ஒவ்வொரு துடிப்பும் தொடங்கி நிற்கும் அந்த 'டிக்' காதை அருகே கொண்டுபோனால் கேட்கும். துடிப்பே இல்லாதது செத்தது, அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. பிறகு அட்டை ஒன்றை அரை மீட்டரில் பிடித்து, வலமிருந்து இடமாக ஒவ்வொன்றின் முன்னும் காட்டுங்கள். சந்தேகப்படும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பக்கத்துச் சென்சாருடன் மாற்றிச் செருகுங்கள். பழுது அதே சென்சாரிலேயே நின்றால் சென்சார்தான் கெட்டது. பக்கத்துச் சென்சாருக்குத் தாவினால் வயர் அல்லது பெட்டி. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நான்கையும் மாற்றச் சொல்லும் கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

நம் கடலோரத்தில் சென்சாரைவிடக் கனெக்டர் முதலில் போகும். அதைக் கழற்றிப் பார்த்தால் செம்பில் பச்சை பூத்திருக்கும். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது தெருவெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பம்பருக்குள் புகுந்த தண்ணீர் பல மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மூடினால் பல சமயம் புதுச் சென்சாரே தேவைப்படாது. வயர் உள்ளேயே கறுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி ஒட்ட வேண்டும்.

பம்பருக்கு டிங்கரிங், பெயின்டிங் செய்த பிறகு கோளாறு தொடங்கியிருந்தால் காரணம் வேறு. சென்சாரைக் கழற்றாமல் மேலேயே பட்டி போட்டு அடித்திருப்பார்கள். கனத்த பெயின்ட் கிண்ணத்தைப் பாரமாக்கும். அதைவிட மோசம், சென்சாருக்கும் பம்பருக்கும் நடுவே உள்ள சிலிக்கான் வளையத்தின் இடுக்கில் பெயின்ட் இறுகுவது. அதிர்வு பம்பருக்குத் தாவி, பம்பரே மணி மாதிரி ஒலிக்கத் தொடங்கும். பிறகு விடாத சத்தம்தான். சென்சாரைத் தனியே எடுத்து, முகத்தில் மட்டும் மெல்லிய ஒரு பூச்சுக் கொடுத்து, காய்ந்தபின் மாட்ட வேண்டும்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்குப் பின் பார்க்கிங் சென்சார் கட்டாயம். அதற்கு முந்தைய காரில் கிட் வாங்கிப் பொருத்துவோருக்குச் சில விஷயங்கள். ஓட்டை போடும் முன் பம்பருக்குப் பின்னே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள். தரையிலிருந்து 50 முதல் 60 செ.மீ. உயரத்தில் நான்கையும் ஒரே கோட்டில் குறித்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, முதலில் 3 மி.மீ. துளை, அப்புறம் கிட்டோடு வரும் ஹோல் சா (வட்ட ஓட்டை வெட்டும் பிட்). வேறு அளவு பிட் வேண்டாம். இறுக்கமானால் அதிர்வு பம்பருக்குப் போகும், தளர்ந்தால் சென்சார் சாய்ந்து தரையைப் பார்க்கும். முதுகில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது மேலேதான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பி மாட்டினால் அகலக் கற்றை மேல்கீழாகிவிடும், மேட்டு வழிகளில் தரைக்கே கத்தும். வயர்களைச் சைலன்சரிலிருந்து தள்ளிக் கட்டி, ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பில் மாட்டும் வளையம்) வழியாக டிக்கிக்குள் கொண்டுபோங்கள். சிவப்பு வயர் ரிவர்ஸ் விளக்கின் 12 வோல்ட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. விளக்குக்குத் துடிப்பு மின்சாரம் கொடுக்கும் சில கார்களில் பெட்டி விட்டு விட்டு அணையும். அங்கே ரிலே வைக்க வேண்டும். வாரன்டி உள்ள காரில் வயரை அறுக்கும் முன் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின் பம்பர் கார்டு (காப்புக் கம்பி), நீட்டிய நம்பர் பிளேட் பிரேம், இழுவைக் கொக்கி வைத்திருந்தால் சென்சார் அதற்கே எப்போதும் கத்தும். புதுச்சேரி ராஜா தியேட்டர் சிக்னல், பேருந்து நிலைய வாசல் போன்ற இடங்களில் பஸ்ஸின் ஏர் பிரேக் சீறும்போது ஓரிரு முறை பொய்ச் சத்தம் வருவது இயல்பு. அந்தச் சீறலில் இதே அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது.

உங்கள் வேலிக் கம்பிக்கு எளிய தீர்வு: பம்பர் உயரத்தில், வண்டி பின்வரும் திசைக்கு நேராக, ஒரு அடி அகலத் தகரமோ பலகையோ கட்டிவையுங்கள். வளைந்த தகரம் வேண்டாம், தட்டையாக இருக்கட்டும். கம்பி அதே இடத்தில் இருந்தாலும், அடுத்த நாளிலிருந்து பஸ்ஸர் அதைக் கண்டுபிடிக்கும்.