அண்ணன் பெயரில் எழுதும் தங்கச்சிக்கு

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 28. பட்டர்வொர்த்தில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வாராவாரம் அரசியல் பத்தி எழுதுகிறேன். அண்ணன் பெயரில்தான் வருகிறது. அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், ஒன்றும் சொல்ல மாட்டார். கோலாலம்பூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் பினாங்கு வரும்போது பெண் பார்க்க வருகிறார்களாம். அமெரிக்க அரசியல் பத்தியாளர் மேரி மெக்ரோரி பற்றிப் படித்தேன். கல்யாணமே செய்துகொள்ளாமல் எழுத்துக்காகவே வாழ்ந்தவர். நானும் இந்த வரனை வேண்டாம் என்று சொல்லிவிடவா?

பதில்: தங்கச்சி, கல்யாணமா எழுத்தா என்று கேட்டு எனக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அதை அப்புறம் பார்ப்போம். 'அண்ணன் பெயரில்தான் வருகிறது' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு வரனுக்குத் தாவிவிட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்.

உன் அண்ணன் அரசு ஊழியர். அரசின் கொள்கைக்கோ முடிவுக்கோ பாதகமாகப் பொதுவில் கருத்துச் சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. அரசு ஊழியர்களுக்கான 1993-ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறைகளில் தெளிவாகவே இருக்கிறது. நாளைக்கே யாராவது அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினால், விளக்கம் கேட்டு வரும் கடிதம் யார் பெயருக்கு வரும்? யார் சம்பளத்தில் கை வைப்பார்கள்? அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார், பாசம் அவர் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. அந்தப் பாசத்தில் நீ குளிர்காய்கிறாய். அண்ணிக்குத் தெரியுமா? உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் வீட்டில் சாப்பிட்டு, அவள் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைத்து எழுதுவதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்காதே.

மெக்ரோரியைப் படித்தாய், சரி. 1947-இல் வாஷிங்டன் ஸ்டார் நாளிதழில் புத்தக மதிப்புரை எழுதச் சேர்ந்தவர். 1954-இல் அமெரிக்க ராணுவத்துக்கும், கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்திக்கும் இடையே நடந்த விசாரணைக்கு அவரை அனுப்பும் முன் பத்திரிகை ஆசிரியர் கேட்டதே, கல்யாணம் செய்துகொள்ளும் எண்ணம் உண்டா என்றுதான். ஆணிடம் அதை எவன் கேட்பான்? உன்னிடம் எந்த ஆசிரியரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்மேல் சுமத்திய நிபந்தனையை நீயாக ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறாய்?

36 நாள் நடந்த அந்த விசாரணையை எழுதித்தான் அவர் பெயர் எடுத்தார். 1973-இல் அதிபர் நிக்சனின் ஆட்கள் ரகசியமாக வைத்திருந்த அரசியல் எதிரிகள் பட்டியல் வெளியானபோது, அந்த 20 பேரில் கடைசிப் பெயர் அவருடையது. எழுதியவளே மாட்டினாள், அண்ணன் தம்பி மாட்டவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கருத்துரைக்கான புலிட்சர் பரிசு, அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருது, அவருக்குக் கிடைத்தது; அந்தப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு அதுதான் முதல்முறை.

எழுத்துக்காகவே வாழ்ந்தார் என்பதும் சரியில்லை. செயின்ட் ஆன்ஸ் குழந்தைகள் இல்லத்துக்குப் பல பத்தாண்டுகள் போய்வந்தவர் அவர். மெக்ரோரி என்று சொல்ல வராத குழந்தைகள் 'மேரி குளோரியா' என்று கூப்பிட்டார்கள்.

வரன் பிடித்தால் கட்டிக்கொள், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல். மெக்ரோரியைச் சாக்காக்காதே. ஆனால் நீ என்ன எழுதுகிறாய் என்று தெரியாத குடும்பத்தைப் பெண் பார்க்க வரவழைப்பது தப்பு.

இந்த வாரப் பத்தியை அனுப்பும் முன் அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் பேசு. அண்ணியிடம் மன்னிப்புக் கேள். பிறகு பத்திரிகை ஆசிரியரை அழைத்து, இனி உன் பெயரில்தான் வர வேண்டும் என்று சொல். முடியாது என்றால் அங்கே எழுதுவதை நிறுத்து, வேறு பத்திரிகையைப் பார். தைப்பூசத்துக்குள் உன் பெயர் போட்ட பத்தி ஒன்றாவது வரட்டும். வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. படித்துவிட்டு வரட்டும்.