ஏழு நாளையும் ஒரே மாதிரி நம்பலாமா? பருவமழைக் கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை வந்தாலே "அடுத்த வாரம் எப்படி?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். தமிழ்நாட்டின் சமவெளி, கடலோர மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

ஐயா, மன்னார்குடிப் பக்கம் சம்பா நட்டிருக்கிறோம். மேலுரம் போடும் நேரம். கைப்பேசியில் ஏழு நாளும் மழைப் படம்தான் காட்டுகிறது. என்ன செய்ய?

அந்தப் படத்தை விடுங்கள். 2 மில்லிமீட்டர் தூறலுக்கும் 10 சென்டிமீட்டர் கொட்டலுக்கும் பெரும்பாலும் அதே மேகப் படம்தான். ஏழு நாளையும் ஒரே அளவுக்கு நம்பவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் கணிப்பை வைத்து வேலையை முடிவு செய்யலாம். நான்காம், ஐந்தாம் நாள் கணிப்பு ஆள் சொல்லி வைக்கவும் வடிகாலைப் பார்த்து வைக்கவும் உதவும். ஆறாம், ஏழாம் நாளுக்கு வங்கக்கடலில் ஏதோ உருவாகலாம் என்ற சேதி போதும். எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்று அப்போதே யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு மூன்று நாளுக்குள் கனமழை என்று அறிவிப்பு இருந்தால் யூரியாவைக் கையில் எடுக்காதீர்கள். வரப்பு வழிந்தால் உரமும் சேர்ந்து போய்விடும். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர் வடிய வேண்டும், அதற்கு உங்கள் வடிகாலில் வழி இருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். மழை விட்டதும் நீரை வடித்து, வயலில் சீராக ஈரம் நிற்கும்போது உரம் போடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. மேகதூத் செயலியிலும் கிடைக்கும்.

'ஓரிரு இடங்களில்', 'சில இடங்களில்' என்று சொல்வதெல்லாம் ஒன்றுதானே சார்? (திருச்சி, கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி, ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை பெய்தால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 என்றால் சில இடங்கள், 51 முதல் 75 என்றால் பல இடங்கள், அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். ஆக, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்றால் உங்கள் தெருவில் கனமழை பெய்யாமல் போகவே அதிக வாய்ப்பு.

'கனமழை' 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.யில் தொடங்குகிறது. 11.5ஐத் தாண்டினால் மிக கனமழை, 20.4ஐத் தாண்டினால் அதி கனமழை. காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான் கணக்கு.

சென்னையில் தாழ்வான பகுதியில் இருக்கிறோம். புயல் என்று அறிவிக்காவிட்டால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த எண்ணம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. காற்று மணிக்கு 62 கி.மீ.யைத் தொட்டால்தான் புயல், பெயரும் அப்போதுதான் வைப்பார்கள். மழையின் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. அன்று புயல் எதுவும் இல்லை, வானில் உயரத்தில் காற்று சுழலும் வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான்.

அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையைக் கடக்கவே இல்லை. ஆந்திராவில் பாபட்லா அருகேதான் கரையேறியது. ஆனால் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்ததால் நகரம் வெள்ளத்தில் கிடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சலும் அப்படித்தான், கடந்த பிறகும் பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. அதனால் அறிவிப்பில் பெயரைத் தேடாமல், 'மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் நகர்கிறது' என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் குறையக் குறைய வண்டியை மேட்டுக்கு ஏற்றுங்கள்.

ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெயில் காய்கிறதே, ஏன்? (நாகப்பட்டினம்)

பெரும்பாலும் கடலில் உள்ள காற்றழுத்தத் தாழ்வு வடக்கே போய்விட்டதால்தான். நம் பக்கம் தாழ்வு மண்டலத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வீசும். மையத்துக்கு வடக்கே உள்ள கரைக்குக் கடற்காற்று ஈரத்தோடு வரும், தெற்கே உள்ள கரைக்குத் தரைக்காற்று வறட்சியாக வரும். மையம் கொஞ்சம் வடக்கே விலகினாலே உங்களுக்கு மழை போய் மேற்குக் காற்று வந்துவிடும். அதனால் ஆரஞ்சு என்றால் 'தயாராக இருங்கள்' என்று மட்டுமே பொருள். தயாராக இருந்தும் மழை வராமல் போனால் நமக்கு நஷ்டமில்லை.

அண்ணா, துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டுதானே ஏற்றியிருக்கிறார்கள், கடலுக்குப் போகலாமா?

போகாதே தம்பி. ஒன்றாம் எண் என்றால் ஆபத்து இன்னும் துறைமுகத்துக்கு வரவில்லை, தொலைவில் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். நீ போவது அந்தக் கடலுக்குத்தான். மீனவர்களுக்கான தனி எச்சரிக்கையில் உன் பகுதிக்குத் தடை நீங்கும் வரை படகு கரையிலேயே இருக்கட்டும்.

கடலூரில் ஆறு நாளில் திருமணம். திறந்தவெளியில் பந்தல் போடலாமா?

ஐப்பசி கார்த்திகையில் கணிப்பே பார்க்க வேண்டாம், மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலெல்லாம் வெயில், விடியற்காலையில் கொட்டுகிறது. எங்கள் ஊரில் மட்டும்தானா? (காரைக்கால்)

இந்தப் பருவத்தில் கரையோரம் முழுக்கவே அப்படித்தான். இரவில் நிலம் குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கிக் கிளம்பும். வடகிழக்குக் காற்று எதிரே வந்து அதன்மேல் ஏறும்போது கரையை ஒட்டி மேகம் திரண்டு, நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் பெய்யும். மாலையில் வானம் வெளுத்திருக்கிறது என்று நெல்லை வெளியே காயவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உங்கள் ஊரிலேயே ரேடார் இருக்கிறது. படுக்கும் முன் அதன் படத்தைப் பார்த்து, கடல்மேல் மேகக்கூட்டம் கரையை நோக்கி வந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள்.