டீ ஆற்றத் தெரியாத டீ மாஸ்டர்

கேள்வி: குறும்படம் ஒன்றில் டீ மாஸ்டராக நடிக்கிறேன். வங்கியில் வேலை பார்ப்பவன். இதுதான் முதல் படம். வசனமெல்லாம் மனப்பாடம். ஆனாலும் ஒத்திகையில் இயக்குநர், "நடிக்கிறது தெரியுதுங்க" என்றே சொல்கிறார். படப்பிடிப்புக்கு 3 வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வசனத்தாளை ஒரு வாரம் மூடி வையுங்கள். சிக்கல் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் தெருமுனை டீக்கடையில் காலை கூட்ட நேரத்தில் போய் ஓரமாக நில்லுங்கள். மாஸ்டர் டீ ஆற்றும்போது டம்ளரைப் பார்க்கிறாரா? பார்க்க மாட்டார். கண் வாசலில் வந்து நிற்கிற ஆள் மேல் இருக்கும். காது "ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை கம்மி" என்பதை வாங்கிக்கொண்டிருக்கும். கை தன்பாட்டுக்கு ஆற்றும். சூடு தாங்காமல் டம்ளரை விளிம்பில் பிடித்து நீட்டுவார். விடிவதற்கு முன்பிருந்தே நிற்கிற உடம்பு, பாரத்தை ஒரு காலில் போட்டு, கொஞ்ச நேரத்தில் அடுத்த காலுக்கு மாற்றும்.

இதைப் பார்த்துவிட்டு வந்து அப்படியே செய்தால் மிமிக்ரிதான் வரும். கடைக்காரரிடம் கேட்டு, கூட்டமில்லாத நேரத்தில் நீங்களே ஆற்றிப் பழகுங்கள். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். பார்க்காமல் ஆற்ற வந்த பிறகு வசனத்தைச் சேருங்கள். கைக்கு நிஜமான வேலை இருந்தால் முகம் தானாக அடங்கும். வசனமும் வேலைக்கு நடுவே விட்டு விட்டு வரும். இயக்குநர் கேட்பது அதுதான்.

இதை நான் கற்றது அவமானப்பட்டு. ஒரு நாடகத்தில் தையல்காரராக நடித்தேன். நல்ல கைதட்டல். நாடகம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, துணி வெட்டுறப்ப கத்தரிக்கோலைத் தூக்குறீங்களே, கீழ்த்தகடு மேசையை விட்டு எழும்பக் கூடாதே" என்றார். கைதட்டல் அத்தோடு மறந்துபோயிற்று.

பெரிய நடிகர்களும் உடம்பிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள். 1967-இல் வந்த 'திருவருட்செல்வர்' படத்தில் சிவாஜி கணேசனின் அப்பரைப் பாருங்கள். காஞ்சிப் பெரியவரை மனதில் வைத்துச் செய்த வேடம் அது. தாடியும் ஒப்பனையும் யாருக்கும் கிடைக்கும். அந்தக் கூனலும் தள்ளாட்டமும் உற்றுப் பார்த்தவருக்குத்தான் வரும். வங்கிக்காரன் என்று தயங்கவும் வேண்டாம். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் கணக்கராக இருந்தவர்; அங்கே நடிகர்களை அருகிலிருந்து கவனித்தவர்.

உடை விஷயம் சின்னதுதான். கைலியும் துண்டும் இன்றே வாங்கி வீட்டில் கட்டிப் பழகுங்கள், பலமுறை துவையுங்கள். முகத்தில் கரி பூசுவது, எடுத்ததற்கெல்லாம் 'ஏலே' போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். மாஸ்டர் எந்த ஊர்க்காரர் என்று கதையில் இருக்கிறதா? இருந்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரை உங்கள் வசனத்தைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்த வழக்கிலேயே பேசிவிடுங்கள்.

ஒன்று மட்டும் இயக்குநரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: படப்பிடிப்பில் டீ சுடச்சுட இருக்க வேண்டும். ஆறிப்போன டீயைக் கொடுத்தால் உங்கள் கை டம்ளரை நடுவில் பிடித்துவிடும்.