யன்னலை மாற்றுமுன் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

வீடும் குளிரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்காபரோவில் 1950களில் கட்டின பங்களோ எங்களுடையது. போன வருடம் கடன் எடுத்து எல்லா யன்னலையும் மாற்றினோம். இந்தக் குளிர்காலத்திலும் காஸ் பில் பெரிதாகக் குறையவில்லை. நிலம் சில்லென்று இருக்கிறது, கூரை ஓரத்தில் ஐஸ் கம்பி கம்பியாகத் தொங்குகிறது. யன்னல் போட்டவர்கள் ஏமாற்றிவிட்டார்களா?
(வாசகி, ஸ்காபரோ)

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன் அக்கா. யன்னல் நல்லதாகவே இருக்கலாம், வேலை செய்த ஒழுங்குதான் பிழை. வெப்பத்தை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதை இங்கே ஆர் என்ற கணக்கில் சொல்வார்கள், எண் கூடக் கூட நல்லது. நல்ல இரட்டைக் கண்ணாடி யன்னலுக்கே ஏறக்குறைய ஆர்-3தான் வரும். ஒன்ராறியோவில் இப்போது கட்டும் புது வீடுகளின் அட்டிக்கிற்கு (கூரைக்கும் சீலிங்கிற்கும் இடையில் உள்ள இடம்) பொதுவாக ஆர்-60 போடுகிறார்கள். உங்கள் வீட்டு அட்டிக்கில், இடையில் யாரும் கூட்டிப் போட்டிருக்காவிட்டால், சூடு தடுக்கிற பழைய பஞ்சு (இன்சுலேஷன்) சில அங்குலம் நசிந்துபோய்க் கிடக்கும். நம் ஆட்களில் நிறையப் பேர் கண்ணுக்குத் தெரிகிற யன்னலுக்கு முதலில் காசைப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அட்டிக்கிற்குக் காசில்லாமல் நிற்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை.

அந்த ஐஸ் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறது. வீட்டுச் சூடு அட்டிக்கிற்குள் ஏறி, கூரை மேலுள்ள பனியை அடியிலிருந்து உருக்குகிறது. உருகின தண்ணீர் கீழே ஓடி வந்து, அடியில் சூடு இல்லாத கூரை ஓரத்தில் திருப்பி உறைகிறது. ஐஸ் அணைபோல் கட்டிக்கொண்டால் பின்னால் தேங்குகிற தண்ணீர் ஷிங்கிளுக்கு (கூரை மேல் ஒட்டுகிற தகடு) அடியால் புகுந்து சீலிங்கில் கறையாக வந்து நிற்கும். அதனால் இதைக் குளிர்ப் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள், கூரையையே பழுதாக்கிவிடும்.

நிலம் குளிர்வதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. சூடான காற்று மேலே ஏறி அட்டிக் ஓட்டைகளால் வெளியே போகப் போக, அதே அளவு குளிர்காற்று கீழே எங்கேயோ உள்ளே இழுக்கப்படுகிறது. வீடு முழுக்க ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே அது நுழைகிற முக்கிய இடம், பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்) கொங்கிறீட் சுவர் முடிந்து மரச்சட்டங்கள் உட்காருகிற அந்த விளிம்பு. காற்றடிக்கிற நாளில் அங்கே கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

அதனால் முதலில் ஓட்டையை அடைப்பது, அதற்குப் பிறகுதான் பஞ்சு. பஞ்சு காற்றை நிறுத்தாது, காற்று அதற்குள்ளால் போய்க்கொண்டே இருக்கும். அட்டிக்கில் பழைய பஞ்சை ஒதுக்கி, வயர் ஏறுகிற துளை, பிளம்பிங் பைப்பைச் சுற்றி, உள்சுவர்களின் மேல்பக்கம், குளியலறை ஃபேன் பெட்டி, நீங்கள் ஏறுகிற அந்த மூடி (அதற்கு ரப்பர் பட்டி ஒட்டி மேலே தடித்த ஃபோம் பலகை போட வேண்டும்), எல்லாவற்றையும் ஃபோமாலோ கோக்கிங் என்கிற அடைப்புப் பசையாலோ அடைக்க வேண்டும். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸின் இரும்புப் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் வேண்டவே வேண்டாம், அங்கே தகரமும் சூடு தாங்குகிற கோக்கிங்கும்தான். குளியலறை ஃபேன் குழாய் அட்டிக்கிற்குள்ளேயே திறந்து கிடந்தால் அதைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குளிக்கிற ஆவி எல்லாம் மேலே பலகையில் உறைந்து, வெயில் வந்தவுடன் மழையாகக் கொட்டும். அப்புறம் செலுலோஸ் (காகிதத் தூளால் செய்த பஞ்சு) ஊதிப் போடலாம். ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5 வரும், ஆகவே ஆர்-60க்கு 17 அங்குலம் அளவில் தேவை. கூரை ஓரத்துக் காற்று வழிகளைப் பஞ்சு மூடாமல் தடுப்புத் தட்டு வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள், அவசரமாக ஊதிவிட்டுப் போகிறவர்கள் அதைத்தான் விடுவார்கள்.

பேஸ்மென்ட் விளிம்பை நீங்களே செய்யலாம். ஃபோம் பலகையை ஒவ்வொரு சட்டத்து இடைவெளிக்கும் அளவாக வெட்டி வைத்து, நான்கு பக்கமும் ஃபோம் அடித்து ஒட்ட வேண்டும். அங்கே வெறும் பஞ்சைத் திணிக்க வேண்டாம், வீட்டு ஈரம் அதற்குள்ளால் போய் மரத்தில் நீராகப் படிந்து மரம் உக்கும். ஃபோம் எரியக்கூடியது என்பதால் அதை எதனால் மூட வேண்டும் என்று நகரசபைக் கட்டட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு எனர்ஜி ஓடிட் செய்வது நல்லது. வாசலில் பெரிய ஃபேனைப் பூட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் எங்கெங்கே ஒழுகுகிறது என்று அளந்து காட்டுவார்கள். அரசாங்க உதவித்தொகைக்கும் பல திட்டங்களில் இந்த அறிக்கையை வேலை தொடங்குமுன்பே கேட்பார்கள்.

கேள்வி: பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறோம். யன்னலில் தண்ணீர் வழிகிறது, பிள்ளையின் கட்டிலுக்குப் பின் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். வீட்டுக்காரர் நாங்கள் சமைப்பதால்தான் என்கிறார்.
(வாசகர், பிரம்டன்)

பதில்: பாதி உண்மை தம்பி. சோறு வடிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, உள்ளே காயப்போடுகிற உடுப்பு எல்லாம் காற்றில் ஈரமாக நிற்கும், அது வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப் படியும். ஆனால் அந்த மூலை ஏன் அவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது? சுவருக்குள் இன்சுலேஷன் இல்லை, அல்லது கொங்கிறீட்டில் பஞ்சு நேரே முட்டி நனைந்துபோயிருக்கிறது. அது வீட்டுக்காரரின் பொறுப்பு. மூலையைப் படம் எடுத்து, திகதி போட்டு, எழுத்தில் அறிவியுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. வெளியே நல்ல குளிர் என்றால் உள்ளே 30 சதவீதத்துக்குக் கிட்ட வைத்திருக்கப் பாருங்கள். சமைக்கும்போது சட்டியை மூடி, ஃபேனைப் போடுங்கள் (ஆவியை வெளியே தள்ளுகிற ஃபேனா, வடிகட்டித் திருப்பி உள்ளே விடுகிற ஃபேனா என்றும் பாருங்கள்). கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், காற்று ஓட வேண்டும். தடித்த திரையை நாள் முழுக்க மூடி வைத்தால் கண்ணாடி இன்னும் குளிர்ந்து தண்ணீர் கூடத்தான் செய்யும். பிள்ளைக்கு இருமல், இழுப்பு இருந்தால் வீட்டுக்காரரின் பதிலுக்குக் காத்திராமல் அந்த அறையை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: அட்டிக்கில் பஞ்சுக்குப் பதிலாகப் பளபளக்கிற சின்னச் சின்னக் கல் மாதிரிக் கிடக்கிறது. வாரி எடுக்கவா?
(வாசகர், மொன்றியல்)

பதில்: தொடாதீர்கள். அது வெர்மிக்யுலைட் என்கிற, சூடு தடுக்கப் போடுகிற கனிமமாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் அஸ்பெஸ்டஸ் (மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கிற நார்) கலந்திருந்தது, கனடாவிலும் நிறைய வீடுகளில் போட்டிருக்கிறார்கள். கலைக்காமல் விட்டால் ஆபத்துக் குறைவு. மேலே ஏறாதீர்கள், சாமான் வைக்காதீர்கள், வேலையாட்களை ஏற்றாதீர்கள். ஆய்வுகூடத்தில் சோதித்து, இருந்தால் உரிய பயிற்சி உள்ளவர்கள்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: வீட்டை இப்படி இறுக்கி அடைத்தால் மூச்சுவிடக் காற்று வேண்டாமா? அப்பா பயப்படுகிறார்.
(வாசகி, வினிப்பெக்)

பதில்: அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதற்கு விடை உங்களுக்குப் பக்கத்து மாகாணத்திலேயே, றிஜைனாவில், 1977இல் கண்டுவிட்டார்கள். சஸ்காச்சுவான் கொன்சர்வேஷன் ஹவுஸ் என்று ஒரு வீடு. சுவருக்கு ஆர்-40, கூரைக்கு ஆர்-60, காற்று ஒழுகாத கட்டு, அவ்வளவு குளிரிலும் ஃபர்னஸே இல்லை. ஹரோல்ட் ஓர் என்ற பொறியியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த வேலை. வெளியே போகிற பழைய காற்றின் சூட்டை உள்ளே வருகிற புதுக்காற்றுக்கு மாற்றிக் கொடுக்கிற கருவியை அதில் வைத்தார்கள், அதுதான் இப்போது எச்ஆர்வி என்று புது வீடுகளில் இருக்கிறது. ஓட்டைகளால் வருகிற காற்று அட்டிக்காலும் சுவருக்குள்ளாலும் அழுக்கோடு வரும், எச்ஆர்வியால் வருகிற காற்று வடிகட்டி வழியாக வரும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய மாதிரி காஸ் வோட்டர் ஹீட்டர் இருந்தால், வீட்டை இறுக்கின பிறகு குசினி ஃபேன் இழுக்கிற இழுப்பில் அதன் புகை திரும்பி உள்ளே வரலாம். வேலை முடிந்ததும் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைகளுக்குக் கிட்ட இருக்க வேண்டும். அப்பா கீழ்மாடியில் படுக்கிறார் என்றால் அங்கேயும் ஒன்று.