சார்ஜ்: ஒரு சொல், பல சுமைகள் (கேள்வி பதில்)

‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மஞ்சக்குப்பம், ஆங்கில ஆசிரியை: ஐயா, அகராதியைத் திறந்தால் கட்டணம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ச்சல், மின்னூட்டம் என்று வரிசையாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையே? பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

தொடர்பு இருக்கிறது அம்மா. ‘சுமை’ என்ற ஒரே பொருளிலிருந்து கிளைத்தவைதான் எல்லாம். லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பிற்கால லத்தீனில் ‘கர்ரிகாரே’ என்றார்கள். அது பிரெஞ்சில் ‘ஷார்ழே’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து ‘சார்ஜ்’ ஆனது. ‘கார்’, ‘கேரி’ இரண்டும் அதே வண்டியில் வந்தவை. கப்பல் சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும் இதே குடும்பம், அது ஸ்பானிய வழியாக வந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எளிது. குற்றம் சுமத்தினார், வரி சுமத்தினார், வேலையை என் தலையில் சுமத்தினார் என்று நாமும் அதே உருவகத்தைத்தானே புழங்குகிறோம்! ‘பொறுப்பு’ என்ற சொல்லே பாரத்தைப் பொறுத்தலிலிருந்து வந்ததுதான். கரும்பலகையில் ‘எதை, யார் மேல் ஏற்றுகிறோம்?’ என்று எழுதிப் போடுங்கள். பணத்தை வாடிக்கையாளர் மேல் ஏற்றினால் கட்டணம். பழியை ஓர் ஆள் மேல் ஏற்றினால் குற்றச்சாட்டு. வேலையை அலுவலர் மேல் ஏற்றினால் பொறுப்பு. மின்சாரத்தை பேட்டரியில் ஏற்றினால் அதுவும் சார்ஜ்தான். காளை பாய்வதை, தன் எடை முழுவதையும் எதிரி மேல் போடுவதாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து பொருளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் மறந்துவிடும். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மறக்காது.

நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவர்: அண்ணா, ‘தி போலீஸ் சார்ஜ்டு ஹிம் ஃபார் தெஃப்ட்’ என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். என்ன தப்பு?

‘ஃபார்’தான் தப்பு தம்பி. சார்ஜுக்குப் பின் ‘ஃபார்’ வந்தால் காசு வசூலித்ததாக அர்த்தம். உங்கள் வாக்கியத்தைப் படித்தால், திருட்டுக்காகப் போலீஸ் அவரிடம் கட்டணம் வாங்கியது போல ஒலிக்கும். குற்றம் என்றால் ‘சார்ஜ்டு வித் தெஃப்ட்’. பாய்ந்தால் ‘சார்ஜ்டு அட்’. ஒரு கணக்கில் பற்று எழுதினால் ‘சார்ஜ்டு டு’. ஒரு பணியை ஒப்படைத்தாலும் ‘வித்’தான் வரும்: ‘சார்ஜ்டு வித் தி டாஸ்க்’. அது குற்றமா பணியா என்பதைப் பின்னால் வரும் பெயர்ச்சொல் காட்டிவிடும்.

இதன் உறவுச் சொற்களில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ‘அக்யூஸ்’ என்றால் ‘ஆஃப்’, ‘பிளேம்’ என்றால் ‘ஃபார்’. ‘அக்யூஸ்’ யாரும் யாரையும் செய்யலாம், திண்ணையில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். ‘சார்ஜ்’ செய்ய அதிகாரம் வேண்டும். ‘அலெஜ்’, அதாவது இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்றைக் குற்றமாகச் சொல்வது, ஆளைத் தொடாது, செய்தியைத்தான் தொடும். ‘அலெஜ்டு ஹிம்’ என்று எழுதவே கூடாது. ‘அலெஜ்டு தட் ஹி...’ என்று வர வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூர்: பஸ் சார்ஜ் என்று சொல்வது சரியா?

பேச்சுத் தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘பஸ் ஃபேர்’. ஆள் பயணம் செய்யக் கொடுப்பது ஃபேர், சரக்குக்குக் கொடுப்பது ஃப்ரைட், சாலைக்கும் பாலத்துக்கும் கொடுப்பது டோல். டாக்டர், வக்கீல், பள்ளி என்றால் ஃபீ. இடமோ பொருளோ எடுத்துப் பயன்படுத்தினால் ரென்ட். விதியை மீறினால் ஃபைன். பொருளுக்குக் கடைக்காரர் சொல்வது பிரைஸ், அது நம் கையை விட்டுப் போகும்போது காஸ்ட். ஒரு வேலையைச் செய்து கொடுத்ததற்குக் கேட்கும் தொகை சார்ஜ்.

தமிழில் எல்லாவற்றுக்கும் ‘கட்டணம்’ என்றே எழுதித் தள்ளுவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். ஆளின் உழைப்புக்குக் கூலி, இடத்துக்கு வாடகை, சாலைக்குச் சுங்கம், மீறலுக்குத் தண்டம் என்று நம்மிடமும் பிரித்துச் சொல்லச் சொற்கள் இருக்கின்றன. வண்டிக்குக் கொடுப்பதை ‘வண்டிச் சத்தம்’ என்பார்கள். அந்தச் ‘சத்தம்’ ஓசை அல்ல, வாடகை.

கடலூர், அரசு ஊழியர்: ஐயா, எனக்கு வந்த 17பி உத்தரவை நண்பர் ‘குற்றப்பத்திரிகை’ என்று மொழிபெயர்த்துவிட்டார். வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள்.

பயப்பட வைக்கும் மொழிபெயர்ப்புதான். குற்றப்பத்திரிகை என்பது புலன் விசாரணை முடிந்து காவல்துறை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது. உங்களுக்கு வந்தது துறை நடவடிக்கை, அதற்குச் சொல் ‘குற்றச்சாட்டுக் குறிப்பாணை’. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17அ சிறு தண்டனைக்கும் 17ஆ பெருந்தண்டனைக்கும் உரிய நடைமுறை. அலுவலகப் பேச்சில் அவையே 17ஏ, 17பி. புதுச்சேரி அரசு ஊழியர் என்றால் எண்கள் வேறு. அங்கே மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும்: பெருந்தண்டனைக்கு விதி 14, சிறு தண்டனைக்கு விதி 16. எல்லை தாண்டி ஆவணம் மொழிபெயர்ப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்தே எந்த அரசின் தாள் என்று கண்டுகொள்ளலாம்.

நீதிமன்ற வரிசையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலில் முதல் தகவல் அறிக்கை, பிறகு புலன் விசாரணை, அதன்பின் காவல்துறையின் குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 193-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 173. அதைப் படித்துப் பார்த்து ‘குற்றச்சாட்டு வனைவது’, அதாவது எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று முறைப்படி எழுதுவது, நீதிமன்றம். ‘போலீசார் குற்றச்சாட்டு வனைந்தனர்’ என்று எழுதினால் நீதிபதியின் வேலையைப் போலீசுக்குக் கொடுத்ததாகிவிடும்.

வில்லியனூர்: ‘இன் சார்ஜ்’, ‘அடிஷனல் சார்ஜ்’ இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரு பதவிக்கு முறைப்படி ஆள் போடும்வரை பார்த்துக்கொள்பவர் ‘பொறுப்பு’ அலுவலர். தன் வேலையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்த்தால் ‘கூடுதல் பொறுப்பு’. 2021 பிப்ரவரியில் தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் புதுச்சேரித் துணைநிலை ஆளுநர் பதவியையும் ஏற்றது கூடுதல் பொறுப்பு.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரு ‘தி’யில் கவனம் வைக்க வேண்டும். ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சில்ட்ரன்’ என்றால் குழந்தைகளை நர்ஸ் பார்த்துக்கொள்கிறார். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்று நடுவே ‘தி’ புகுந்தால் நர்ஸ்தான் குழந்தைகளின் பராமரிப்பில் இருப்பதாகிவிடும்.

முத்தியால்பேட்டை: பிரான்சிலிருக்கும் தங்கை வீட்டு ஒப்பந்தத்தில் ‘ஷார்ழ் கோம்ப்ரீஸ்’ என்று இருக்கிறது. வாடகைக்கு மேல் சார்ஜ் கேட்கிறார்களா அண்ணா?

இல்லைம்மா, நேர் எதிர். பராமரிப்புச் செலவும் வாடகைக்குள்ளேயே அடக்கம் என்று பொருள். ‘ஓர் ஷார்ழ்’ என்று இருந்தால்தான் அது தனி. லிஃப்ட் பராமரிப்பு, பொது விளக்கு, குப்பை வரி போன்றவை இந்த ‘ஷார்ழ்’ கணக்கில் வரும். மாதாமாதம் ஒரு தோராயத் தொகை வாங்கினால், வருடத்துக்கு ஒருமுறை உண்மைச் செலவோடு ஒப்பிட்டு நேர் செய்வார்கள். அந்தக் கணக்குத் தாளைத் தங்கை கேட்டு வாங்கி வைக்கட்டும்.

பிரெஞ்சுப் படிவங்களில் ‘ஆங்ஃபாங் ஆ ஷார்ழ்’ என்றும் வரும். அதைக் ‘குற்றம் சுமத்தப்பட்ட பிள்ளை’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நம்மைச் சார்ந்திருக்கும் பிள்ளை என்பதே பொருள். தூதர் இல்லாதபோது தூதரகத்தைப் பார்ப்பவரை ‘ஷார்ழே தஃபேர்’ என்பதும் இதே சொல்லிலிருந்துதான், தமிழில் ‘பொறுப்புத் தூதர்’.

பண்ருட்டி: பத்திரத்தில் ‘சார்ஜ்’ என்றால் அடமானமா?

அடமானம் வேறு. அடமானத்தில் சொத்தில் உள்ள ஓர் உரிமை கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. சார்ஜில் உரிமை மாறுவதில்லை, ஒரு தொகைக்குச் சொத்து ஈடாக நிற்கிறது, அவ்வளவுதான். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் அடமானத்துக்கு 58-ஆம் பிரிவு, சார்ஜுக்கு 100. அம்மாவின் ஜீவனாம்சத்துக்கு நிலத்தைப் பொறுப்பாக்கி எழுதுவது வழக்கமான உதாரணம். ‘வில்லங்கம்’ என்பது இரண்டையும் அடக்கும் பெரிய குடை. அதனால் சார்ஜுக்கு நேராக ‘வில்லங்கம்’ என்று எழுதாமல், ‘சொத்தின் மீதான பொறுப்பு’ என்று எழுதுங்கள்.

லாஸ்பேட்டை, பதினோராம் வகுப்பு: மின்னூட்டம், மின்னேற்றம் எது சரி சார்?

இரண்டும் சரி. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘மின்னூட்டம்’ என்கிறது, இலங்கைப் பாடநூல்கள் ‘மின்னேற்றம்’ என்கின்றன. தேர்வில் உன் பாடநூல் சொல்லையே எழுது. அலகு கூலும். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் சுமார் 1.6 × 10⁻¹⁹ கூலும், எதிர்க்குறியோடு. மின்வாரியப் படிவத்தில் வரும் ‘மின்பளு’ இது அல்ல. அது ‘லோடு’, கிலோவாட்டில் எழுதுவது.

கோரிமேடு: ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜுக்கும் கோர்ட் டிஸ்சார்ஜுக்கும் ஒரே சொல்லா?

ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் பிரித்தே ஆக வேண்டும். ‘டிஸ்சார்ஜ்’ என்றால் ஏற்றியதை இறக்குவது. நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும், புண்ணில் சீழ் வடிவதும், கடன் தீர்வதும், பேட்டரி இறங்குவதும் அதில் அடங்கும். கோர்ட்டில்தான் எச்சரிக்கை வேண்டும். குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே வழக்கிலிருந்து நீக்குவது ‘விடுவிப்பு’, அதுவே டிஸ்சார்ஜ். சாட்சி விசாரணை முடிந்து குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தால் ‘விடுதலை’, அது அக்விட்டல். செய்தித்தாளில் இரண்டையும் ‘விடுதலை’ என்று போட்டால், எந்தக் கட்டத்தில் அந்த வழக்கு முடிந்தது என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.