கலியாண மேக்கப்பில முகம் சாம்பலாத் தெரியுது: மாமி தந்த வெள்ளையாக்கிற கிறீம் பூசலாமா?

கிறீம் வேணாம் தங்கச்சி. ட்ரயல் மேக்கப்பில முகம் சாம்பல் பூத்தது உங்கட கறுப்பால இல்ல, ரெண்டு மூணு படி வெளிறின பவுண்டேசனைப் பூசினதாலதான் இருக்கும். மட்டக்களப்பில பொம்பிளையெண்டா வெள்ளையா நிக்கோணும் எண்டு ஒரு பிடிவாதம்; முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்!

தாடையில இருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, கொஞ்சம் காய விட்டு, வாசல்ல பகல் வெளிச்சத்தில பாருங்க. கோடு மறையிற மண்ணிறம்தான் உங்கடது. அது கடையில இல்லாட்டி ரெண்டைக் கலக்கச் சொல்லுங்க. அரக்குக் கூறையும் அட்டியலும் அந்த நிறத்தில எடுத்து நிக்கிற வடிவே வேற.

கோடு மறைஞ்சும் போட்டோவில வெள்ளையடிச்சா, பவுண்டேசனில சன்ஸ்கிறீன் இருக்கா எண்டு பாருங்க. அதில சேர்க்கிற சிங்க் ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்.

மாமி தந்த லேபல் இல்லாத டப்பாவில பாதரசமோ ஸ்டீரொய்டோ இருக்கலாம். பாதரசம் சேர்த்த தோல் வெளுக்கிற கிறீமை, பாதரசத்தைக் கட்டுப்படுத்திற உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கையே தடுக்குது. ஏற்கெனவே பூசத் தொடங்கியிருந்தா தோல் டொக்டரிட்டக் காட்டுங்க. ஸ்டீரொய்டைச் சடாரெண்டு நிப்பாட்டினா சிலருக்கு முகம் எரிஞ்சு சிவக்கும்.

போட்டோக்காரரிட்டயும் இப்பவே சொல்லி வைங்க, அல்பத்தில நிறத்தை ஏத்த வேணாமெண்டு. கேக்காமலே ஏத்திடுவாங்க.